குறை கேட்கக் குழு உண்டு, யோசனை கேட்க?

2025 நவம்பர் 21 முதல் நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் புது உருவம் பெற்றுள்ளன. 29 மத்தியச் சட்டங்கள் இருந்த இடத்தில் நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. இவற்றால் தொழிலாளருக்கு லாபமா, முதலாளிக்கு லாபமா என்ற சர்ச்சை தொழிற்சங்க வட்டாரங்களில் பலமாக நடந்திருக்கிறது. அது ஒரு புறம் இருக்கட்டும். பெண் ஊழியர்களைப் பற்றிய ஷரத்துக்கள் தனியே கவனிக்கத்தக்கவை.

பெண்கள் தாங்களே சம்மதித்தால், தக்க பாதுகாப்புடன், எல்லா வகை நிறுவனங்களிலும் இரவு நேரத்தில் வேலை செய்யலாம் என்று புதிய சட்டம் அனுமதிக்கிறது. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலையை மறுத்த பழைய தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சுமார் கால் நூற்றாண்டுக்கு முன்பே தீர்ப்பளித்தது. அது இப்போது நாடு முழுவதற்கும் ஏற்பட்டிருக்கிறது. ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் பேதம் காட்டக்கூடாது என்ற விதி நீடிக்கிறது. 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்ட பிரசவ விடுமுறையும், 50 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீடிக்கின்றன.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. 20 தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களில் குறை தீர்க்கும் குழு ஒன்று அமைக்க வேண்டும். மொத்தத் தொழிலாளர்களில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அதற்குக் குறையாத விகிதத்தில் அந்தக் குழுவிலும் பெண்கள் இடம் பெற வேண்டும். இது வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

ஆக, பெண் ஊழியருக்கு ஒரு குறை இருந்தால் சொல்வதற்கு இடம் ஏற்பட்டுவிட்டது. அவரிடம் ஒரு யோசனை இருந்தால்? வேலையை இன்னும் சிக்கனமாகச் செய்ய ஒரு வழி, புதிதாக ஒரு பொருள், வாடிக்கையாளரின் சிரமத்தைத் தீர்க்க ஒரு முறை, இப்படி ஏதேனும் அவருக்குத் தோன்றினால் அதை யார் கேட்பார்கள்? கேட்டாலும் அது யார் பெயரில் நிறைவேறும்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. காரியாலயங்களின் நடைமுறையிலும் பெரும்பாலும் பதில் இல்லை.

மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்பாளர் அணியில் இருந்தவர்கள் 2017-18-ல் நூற்றுக்கு 23.3 பேர். 2023-24-ல் அது 41.7 ஆயிற்று. இந்த உயர்வில் பெரும் பகுதி சொந்தத் தொழிலிலும், குடும்பத் தொழிலில் சம்பளமின்றிச் செய்யும் உதவியிலும் ஏற்பட்டது என்பதை மறக்கக்கூடாது. என்றாலும் எண்ணிக்கை கூடியிருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வருவோர் பெருகும்போது, உள்ளே அவர்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியும் பெரிதாகிறது.

ஆசை என்ற குற்றம்

புதிய யோசனை எதுவும் தானாக நடந்துவிடுவதில்லை. சொன்னவரே அதைத் தூக்கிக்கொண்டு நாலு மேஜைக்கு அலைய வேண்டும். மறுத்தவரிடம் மறுபடியும் போக வேண்டும். 'என்னிடம் பொறுப்பை விடுங்கள், செய்து காட்டுகிறேன்' என்று சொல்லத் துணிய வேண்டும். அதாவது யோசனை மட்டும் போதாது. முன்னுக்கு வரும் ஆசையும் வேண்டும்.

இங்கேதான் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறது. துடிப்புள்ள ஆணைக் 'கெட்டிக்காரன், முன்னுக்கு வந்துவிடுவான்' என்பார்கள். அதே துடிப்பைப் பெண்ணிடம் கண்டால் 'அடக்கம் போதாது' என்பார்கள். டில்லிக் காரியாலயங்களில் அடிக்கடி காதில் விழும் 'பஹுத் தேஜ்' என்ற இரண்டு சொற்கள் ஆணைப் பற்றிச் சொன்னால் பாராட்டு. பெண்ணைப் பற்றிச் சொன்னால் எச்சரிக்கை. பெண்ணின் ஆசை ஒரு குற்றம் போலப் பார்க்கப்படும் இடத்தில் அவளுடைய யோசனை எப்படிப் பிழைக்கும்?

ஒரு காலத்தில் இந்த மனப்பான்மை சர்க்கார் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா 1949-ல் இந்திய வெளிநாட்டு சேவையில் சேர்ந்த முதல் பெண். தேர்வுக் குழுத் தலைவரே அந்த சேவை வேண்டாம் என்று தம்மைத் தடுக்க முயன்றதாகவும், கல்யாணம் செய்துகொண்டால் ராஜிநாமா செய்வதாக எழுதிக் கொடுக்க நேர்ந்ததாகவும் அவர் பின்னர் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தார். மணமான பெண் அந்த சேவையில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்பது 1961-ம் ஆண்டு விதிகளில் ஒன்று. சேவையில் உள்ள பெண் கல்யாணத்துக்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்பது இன்னொன்று. ஆண்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை.

உயர் பதவிக்குத் தாம் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து முத்தம்மா வழக்குத் தொடுத்தார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புக் கூறினார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கப்பட்டுவிட்டது. அதனால் மனு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் அவர் இழந்த சீனியாரிட்டியைப் பரிசீலிக்க வேண்டும், எல்லா சேவை விதிகளிலும் பெண்களுக்கு எதிரான பேதத்தைக் களைய வேண்டும் என்று நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியது. மனு தோற்றது, வாதம் ஜெயித்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின், 2001-ல் சொகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளர் ஆனார். அந்தப் பதவியை அடைந்த முதல் பெண் அவரே. விதியை நீக்க ஒரு தீர்ப்புப் போதும். நாற்காலி காலியாகி வந்து சேர ஒரு தலைமுறை ஆகிறது.

வரைபடத்தில் நின்ற பெயர்

யோசனைக்கு இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அன்னா மாணி உதாரணம். திருவாங்கூரில் பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை.

1948-ல் அவர் வானிலைத் துறையில் சேர்ந்தபோது சாதாரணக் கருவிகள் கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே செய்ய வேண்டும் என்ற முயற்சியைப் புனாவில் அவருடைய மேலதிகாரி வெங்கடேசுவரன் தொடங்கினார். 1953-ல் அன்னா மாணி அந்தப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அவருக்குக் கீழ் வேலை செய்தார்கள். சுமார் நூறு கருவிகளுக்குத் தரமான வரைபடங்கள் தயாராயின. சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்கள் நாட்டில் ஏற்பட்டன. 1976-ல் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. எந்த ஊரில் எவ்வளவு காற்று வீசுகிறது என்று நாடு முழுவதும் அளக்கும் பணியை நடத்தித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இன்று முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பார்ப்போர் பலருக்கு, இந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி என்பது தெரியாது.

அவருக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. பொறுப்பை நம்பி ஒப்படைத்த மேலதிகாரி ஒருவர். செய்த வேலை வரைபடமாகவும் புத்தகமாகவும் பெயரோடு நின்றது மற்றொன்று. வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் நின்றதை மறுக்க முடியாது.

வெளியேறி வென்ற யோசனை

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆமதாபாத்தின் மஜூர் மகாஜன் என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் காந்திஜியின் வழிகாட்டுதலில் வளர்ந்தது. அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரே அனசூயா சாராபாய் என்ற பெண்மணிதான். அங்கே 1955-ல் வக்கீலாகச் சேர்ந்த இலா பட், பின்னர் மகளிர் பிரிவின் தலைவரானார். மில்லுக்கு வெளியே உழைக்கும் பெண்களை அவர் பார்த்தார். கைவண்டி இழுப்போர், தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பழந்துணி வாங்கி விற்போர் ஆகியோருக்குச் சங்கம் இல்லை, சட்டம் இல்லை, கடன் கொடுக்க பாங்கும் இல்லை. இவர்களும் தொழிலாளர்கள்தான் என்பதே அவருடைய யோசனை.

1972-ல் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் ஆட்சேபம் கிளப்பினார்கள். முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு, யாரை எதிர்த்துப் போராடுவார்கள் என்று கேட்டார்கள். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்காகவும்தான் என்று வாதாடி, அவ்வாண்டே பதிவு பெற்றார்கள். 1974-ல் சுமார் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாக ஒரு கூட்டுறவு பாங்கு தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பாஸ் புத்தகத்தில் படத்தை ஒட்டி அதைத் தீர்த்தார்கள்.

1981-ல், குஜராத்தில் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் நடந்தபோது, ஹரிஜனங்கள் பக்கம் நின்றதைத் தாய்ச் சங்கம் விரும்பவில்லை. சேவாவும் இலா பட்டும் வெளியேற்றப்பட்டார்கள். வெளியே வந்த பிறகே சேவா வேகமாக வளர்ந்தது. இலா பட் 2022 நவம்பரில் காலமானார். அவருடைய சங்கத்தின் உறுப்பினர்கள் இன்று 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978-ல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பும் இதே வகையில் சிறு வியாபாரப் பெண்களுக்குக் கடன் வசதி தேடித் தந்தது.

யோசனை வென்றது, சரி. ஆனால் அதை வளர்த்தவருக்கு முதல் ஸ்தாபனத்தில் இடம் இல்லாமல் போயிற்று. இலா பட் போன்ற மன உறுதி உள்ளவர்கள் வெளியே போய் வேறு ஸ்தாபனம் கட்டுவார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குவார்கள். இதில் நஷ்டம் அந்தப் பெண்களுக்கு மட்டும் அல்ல.

உட்கார ஓர் ஆசனம்

பெரிய படிப்பும் பதவியும் உள்ளவர்களுக்குத்தான் யோசனை வரும் என்பதும் இல்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையற்காரப் பெண்மணி கடைப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறை வேண்டும் என்பதில் அவர்கள் இயக்கம் தொடங்கியது. பிறகு, நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் விற்பனைப் பெண்கள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு இதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் பின்பற்றியது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் ஆண்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது.

ஒரு ஸ்டூல் போடச் சட்டம் தேவைப்பட்டதே என்று சிரிக்கலாம். கடை முதலாளியிடம் சொல்லிப் பார்த்துப் பலிக்காததால்தான் விஷயம் சட்டசபை வரை போயிற்று என்பதை எண்ணினால் சிரிப்பு வராது.

கோப்பும் கூட்டமும்

யோசனைகள் எங்கே தொலைகின்றன? சர்க்கார் கோப்பு முறையை எல்லோரும் திட்டுகிறார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. உதவியாளர் ஒரு குறிப்பு எழுதித் தேதியோடு சுருக்கொப்பம் இட்டால், செக்ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி, டெபுடி செக்ரட்டரி என்று கோப்பு மேலே போனாலும் முதலில் எழுதியவர் யார் என்பது அழியாது. கோப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் இந்த அடையாளம் இருக்கிறது.

கூட்டங்களில் அப்படி இல்லை. பெண் ஊழியர் ஒன்றைச் சொல்கிறார். மேஜை மௌனமாக இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து அதையே ஓர் ஆண் அதிகாரி உரத்த குரலில் சொல்கிறார். 'நல்ல யோசனை' என்று தலைகள் ஆடுகின்றன. கூட்டக் குறிப்பில் 'விவாதித்து முடிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி ஏறுகிறது. யார் சொன்னது? அந்த வரியில் அதற்கு இடம் இல்லை. பதவி உயர்வு சமயத்தில் 'இவர் புதிதாக என்ன செய்தார்?' என்று கேட்கும்போது காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இராது.

இது போதாதென்று, பாதி முடிவுகள் கூட்டத்துக்கு வெளியே ஏற்படுகின்றன. மாலையில் டீக்கடையிலும், அதிகாரியின் காரிலும், கிளப்பிலும் பேசி முடித்ததைத்தான் மறுநாள் கூட்டம் ஆமோதிக்கிறது. அந்த நேரத்தில் பெண் ஊழியர் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

வெளி மாநிலத் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் வந்த தலைமுறையில் பெண்களும் ஏராளம். அவர்கள் உத்தியோகமே மற்றவர்கள் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது. கடிதத்தில் இருந்த திருத்தம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. அவர்களுடைய பெண்களும் பேத்திகளும் இன்று எஞ்சினீயர்கள், பாங்கு அதிகாரிகள், விஞ்ஞானிகள். சென்னையைச் சேர்ந்த மு. வனிதா 2019-ல் ஏவப்பட்ட சந்திரயான்-2-ன் திட்ட இயக்குநராக இருந்தார். எழுதிக் கொடுப்பவர் என்ற நிலையிலிருந்து சொல்பவர் என்ற நிலைக்கு வந்தாயிற்று. சொன்னதைக் கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் பாக்கி.

வாதமும் பதிலும்

பதவி உயர்வைப் பெண்களே வேண்டாம் என்கிறார்கள், அவர்களுக்கு ஆசை இல்லை என்று ஒரு வாதம். பாங்குகளில் குமாஸ்தாவாக இருக்கும் பல பெண்கள் அதிகாரி பதவியை மறுப்பது உண்மை. காரணம் ஆசையின்மை அல்ல, மாற்றல். அதிகாரியானால் நாட்டில் எங்கும் போக வேண்டும். குழந்தையின் பள்ளிக்கூடம், மாமியாரின் வைத்தியம், கணவரின் உத்தியோகம் எல்லாம் ஓர் ஊரில் இருக்க, அவர் மட்டும் வேறு ஊருக்கு எப்படிப் போவார்? ஆண் அதிகாரிக்கு மாற்றல் வந்தால் குடும்பம் சரிக்கட்டிக்கொள்கிறது. பெண் அதிகாரிக்கு வந்தால் அவர்தான் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1806-ல் வேர்விட்ட ஸ்டேட் பாங்குக்கு 2013-ல்தான் ஒரு பெண் தலைவர் வந்தார். அருந்ததி பட்டாச்சார்யா காலத்தில், குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்க வேண்டிய பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டு வரை விடுப்பில் போய்த் திரும்பலாம் என்ற திட்டம் வந்தது. அதற்கு முன் இந்த யோசனை எந்தப் பெண் ஊழியர் மனத்திலும் உதிக்காமலா இருந்திருக்கும்? உதித்தது மேலே போகவில்லை. மேலே இருந்தவருக்கு உதித்தபோது நிறைவேறியது.

பெண் சொன்னால் கீழே உள்ளவர்கள் கேட்க மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். இதை மத்திய அரசே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிப் பார்த்தது. கிராமப்புறங்களிலிருந்து வரும் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் தலைமையை ஏற்கும் மனப்பக்குவம் பெறவில்லை என்றது. 2020 பிப்ரவரி 17-ல் கோர்ட்டு அதை நிராகரித்து, பெண் ராணுவ அதிகாரிகளுக்கும் நிரந்தர கமிஷன் தர உத்தரவிட்டது. 2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 17 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். ஏற்கும் மனம் தானாக வருவதில்லை. ஏற்க வேண்டிய சந்தர்ப்பம் வந்தால்தான் வருகிறது.

யோசனையைப் பார், சொன்னவர் ஆணா பெண்ணா என்று பாராதே என்போரும் உண்டு. மிக நல்ல கொள்கை. அது நடைமுறையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே அவசியம் இராது.

செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் இன்னொரு சட்டம் கொண்டுவருவது பரிகாரம் ஆகாது. கம்பெனிகளின் டைரக்டர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளுக்கு விதித்தது. நாற்காலியைச் சட்டம் போட முடியும். காதைத் திறக்க முடியாது.

ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. கூட்டக் குறிப்பில் யோசனை சொன்னவரின் பெயரை எழுதலாம். எழுத்தில் வந்த யோசனைக்கு, ஏற்பதோ மறுப்பதோ, குறித்த காலத்துக்குள் காரணத்தோடு எழுத்திலேயே பதில் தரலாம். யோசனை ஏற்கப்பட்டால் அதை நடத்தும் பொறுப்பில் சொன்னவருக்கும் இடம் தரலாம். முக்கியக் கூட்டங்களைக் காரியாலய நேரத்துக்குள் முடிக்கலாம். இவற்றால் பெண்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. மேலதிகாரியால் யோசனை பறிக்கப்பட்ட ஆண் குமாஸ்தாவுக்கும் இவை உதவும்.

குறை தீர்க்கும் குழுவுக்கு அமைக்கும் அதே அக்கறையோடு, யோசனை கேட்கவும் ஓர் ஏற்பாட்டை நிர்வாகங்கள் தாமாகச் செய்துகொள்ளலாம். தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். அதற்கு முன் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களிலேயே எத்தனை பெண்கள் பேசுகிறார்கள் என்று அவை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரவில் வேலைக்கு வரலாம் என்று பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட தேசம், பகலில் அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்கவும் பழகிக்கொள்ள வேண்டும். கேளாமல் விட்ட யோசனைகளின் நஷ்டத்துக்கு எந்த நிறுவனத்திலும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைக்கவில்லை என்பதால் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது.